பிரேக்குக்கு நல்லெண்ணெய்

ஒரு வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று கேட்காத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. அது எப்படி நிற்கும் என்று கேட்ட ஆளை, என் வயதுக்கு, நான் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். அவள் என் மருமகள் சுகன்யா. அவள் அலைந்து திரிந்து, அட்டை வெட்டி அளந்து, வாங்கிப் பூட்டிய பிரேக்கை ஒரே காலையில் ஒன்றுக்கும் ஆகாமல் பண்ணிய ஆளும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூர் பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். (சொல்லும்போது சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நாமா குறைந்து போகிறோம்.)

எங்கள் ஊர் திருப்புலிவனத்துக்குப் பக்கம். வீட்டுக்காரர் போன பிறகு நிலம், பம்ப்செட், டிராக்டர் எல்லாம் என் பொறுப்பு. படிப்பு என்று பார்த்தால் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதுவும் அவசரமில்லாமல். ஆனால் இரும்பைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு உண்டு. கிணற்று ராட்டினம் கத்தினால் எண்ணெய். ஊஞ்சல் சங்கிலி கத்தினால் எண்ணெய். கதவுக் கீல், கரும்பு வண்டியின் அச்சு, எது கத்தினாலும் எண்ணெய். என் காலத்தில் இந்த வைத்தியம் ஒரு தடவை கூடப் பொய்த்ததில்லை. அதனால்தான் அந்தத் தைரியம் வந்தது.

என் மகன் சேகருக்கு உத்திரமேரூரில் விதைக்கடை. நல்ல பையன். ஆனால் வண்டி ஓட்டுவதில் அவனைப் போல் பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டரில் அவன் போனால், பின்னால் நடந்து வருகிறவர்கள், "கொஞ்சம் ஓரமாப் போண்ணா" என்று சொல்லிவிட்டு முந்திக்கொண்டு போவார்கள். இப்படிப்பட்டவனுக்கு வந்து வாய்த்தவள் சுகன்யா. ஒரகடத்தில் கார் கம்பெனியில் இஞ்சினியர். கார் செய்கிற இடத்தில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கார் கழுவுகிற பெண்ணை நான் அவள் ஒருத்தியைத்தான் கண்டேன்.

அவள் சொந்தமாக ஒரு வெள்ளைக் கார் வைத்திருக்கிறாள். வேறொருவர் ஓட்டின கார்தான், ஆனால் சும்மா கார் இல்லை. பார்க்கச் சின்னதாக, முழங்காலை மடக்கி உட்கார்ந்த ஆள் மாதிரி இருக்கும். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேகமாக ஓட்டுவதற்கென்றே போட்ட ரோடு ஒன்று இருக்கிறதாம். லீவு நாளில் பணம் கட்டி உள்ளே போய் அவரவர் காரை ஓட்டலாம். யார் எவ்வளவு சீக்கிரம் சுற்றி வருகிறார்கள் என்று கணக்கு எடுப்பார்கள். அங்கே போகிற பெண் எங்கள் சுற்று வட்டாரத்தில் இவள் ஒருத்திதான். நான் அந்தக் காரிலிருந்து சந்தைக்கடை வாசலில் இறங்கும்போது புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகத்தான் இறங்குவேன். எல்லாரும் பார்க்க வேண்டாமா?

அங்கே போன முதல் தடவை சேகரும் கூடப் போயிருந்தான். திரும்பி வந்தபோது அவன் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது.

"மா, அவ பிரேக்க மிதிக்கிறா, வண்டி பாட்டுக்குப் போயினே கீதுமா! நேரா மண்ணுல போயி சொருகிச்சு!"

சுகன்யா நிதானமாகச் சொன்னாள்: "அத்தை, சுத்திச் சுத்தி மிதிச்சதுல பிரேக்கு சூடாயிடுச்சு. ரொம்ப சூடானா அதால புடிக்க முடியாது. அதுக்குன்னு வேற பிரேக்கு போடணும், அவ்ளோதான்."

"அவ்ளோதானா?" என்று சேகர் குதித்தான். "வேற பிரேக்கு போடு. நான் வந்து பக்கத்துல குந்துறேன். நான் கோடு போடுவேன். அந்தக் கோட்டுக்குள்ள நிக்கணும். நிக்கலைன்னா காரை வித்துடணும். இன்னா சொல்ற?"

"நிக்கலைன்னா விக்கலாம்" என்றாள் அவள். எனக்குத்தான் பகீர் என்றது. கார் போனால் சந்தைக்கடை வாசலில் நான் எதிலிருந்து இறங்குவேன், சேகரின் ஸ்கூட்டரிலிருந்தா?

அன்று முதல் எங்கள் வீட்டில் பிரேக்குப் பேச்சுதான். எனக்குப் புரிகிற மாதிரி அவள் சொன்னது இதுதான்: சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுற்றும். அதை இரண்டு பக்கமும் இரண்டு கட்டைகள் கவ்விப் பிடிக்கும். கவ்வுகிற அந்தப் பெட்டிக்குக் காலிப்பர் என்று பேர், கட்டைக்குப் பேட் என்று பேர். கார் நிற்கும்போது எடையெல்லாம் முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் பாடு அதிகம். அதனால் முன்னால் இருப்பதை மாற்ற வேண்டும்.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குக் கடைக்குப் போனாள். (நானாகத்தான் ஏறி உட்கார்ந்தேன். கூப்பிட்டாளா என்பது எனக்குச் சரியாக ஞாபகமில்லை.)

கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் மூன்று விதமாக எடுத்து வைத்தார். ஒன்று பேட், குழாய், எண்ணெய் மட்டும். நடுவில் ஒன்று, கறுப்புப் பெட்டி, அளவான தட்டு. மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குக் கை குறுகுறுத்தது. தட்டு கல்யாண வரிசைத் தாம்பாளம் அளவு. பெட்டி ரத்தச் சிவப்பு.

"இதுதான் மேடம் இப்ப எல்லாரும் போடுறாங்க. வண்டி நின்னா சக்கரத்துக்குள்ளருந்து செவப்பாத் தெரியும்" என்றார்.

எனக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. "இதையே கட்டச் சொல்லுடி" என்றேன்.

"இருங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, அவள் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். பிறை மாதிரி வளைத்து வெட்டின அட்டை. வீட்டில் சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அதைச் சிவப்புப் பெட்டிமேல் வைத்தாள். சிவப்பு அட்டைக்கு வெளியே பிதுங்கியது.

"சக்கரத்துக்குள்ள போவாது அத்தை. இடிக்கும்."

"சக்கரத்தைப் பெருசா மாத்திட்டாப் போவுது."

"பெரிய சக்கரம் கனம். கனமானா கெளம்பவும் நேரமாவும், நிக்கவும் நேரமாவும். நிக்கறதுக்குத்தானே அத்தை இவ்ளோ பாடு?"

"அதுவும் இல்லாம" என்று கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள், "முன்னாடி மட்டும் இவ்ளோ புடிச்சா, பின்சக்கரம் சும்மா வந்துகினு இருக்கும். வளைவுல மிதிச்சா வாலை ஆட்டும்."

அது எனக்கு உடனே புரிந்தது. ஏரில் ஒரு மாடு இழுத்து ஒரு மாடு சும்மா நடந்தால் சால் எப்படிப் போகும் என்று தெரியாதவளா நான்? புரிந்தது, ஆனால் மனசு சிவப்பை விடவில்லை. "கறுப்பு வெளியிலேயே தெரியாதேம்மா" என்று முனகினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு பேட் எடுப்பதில் ஒரு மணி நேரம். கடைக்காரர் ஒன்றைக் காட்டி, எவ்வளவு சூடானாலும் விடாமல் பிடிக்கும் என்றார்.

"ஜில்லுனு இருக்கும்போது?"

"முதல்ல கொஞ்சம் சூடு ஏறணும் மேடம்."

"நான் தெனமும் இதுலதான் ஒரகடம் போயினு வரணும். காலைல எங்க ஊர் மாடு குறுக்க வந்தா, 'இரும்மா, சூடாவட்டும்'னு அதுகிட்டச் சொல்ல முடியுமா?"

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பாட்டிம்மா, இவங்க வாங்க வரல. எனக்குப் பரீட்சை வெக்க வந்திருக்காங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. (பாட்டிம்மா என்றதை அதற்காக மன்னித்தேன்.)

கடைசியில் நடு ரகத்துக் கறுப்புப் பெட்டி. அதற்கு, ஜில்லென்றிருந்தாலும் பிடிக்கிற, சூடானாலும் விடாத பேட். பிரேக்குக் குழாய்க்குள் ஊற்ற, சீக்கிரம் கொதிக்காத எண்ணெய். எடுத்துக் கட்டும்போது கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார்.

"இந்த பேட் மெதுவாப் போகும்போது கத்தும் மேடம். பழுது இல்ல, அதோட கொணம்."

"கத்தட்டும்" என்றாள் சுகன்யா.

கத்தினால் என்ன, அதற்குத்தான் நான் இருக்கிறேனே என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவள் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் அவளும் நின்று பூட்டினாள். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் புதுப் பிரேக்கோடு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை சேகரின் கோடு. நான் வாசலில் நின்றேன். ரேஷன் கடை முனையில் கார் திரும்பியது. திரும்பும்போது பிரேக்கை மிதித்தாள்.

கீ... ச்ச்ச்!

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்கள் வாசலுக்கு வந்து நின்றபோது இன்னொரு தடவை. எதிர் வீட்டுக் காசியம்மாள் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு கணக்கு உண்டு. யார் வீட்டு மாடு அதிகம் கறக்கிறது என்பதில் ஆரம்பித்தது.

"இன்னாக்கா, உன் மருமவ கார்ல ஆட்டுக்குட்டி ஏத்தியாந்துகீறாளா? கத்துதே!"

"புது பிரேக்குடி. பெரிய கார்ல அப்பிடித்தான் கத்தும்."

"எங்க வூட்டு மாட்டுவண்டி இப்பிடிக் கத்தி நான் கேட்டதில்லயே. ஒரு சொட்டு எண்ணெய் வுடக்கூடாதா? எண்ணெய்க்குமா உங்க வூட்ல பஞ்சம்?"

எண்ணெய்க்குப் பஞ்சமா! எங்கள் மேட்டுக்காட்டில் விளைகிற எள். செக்கில் ஆட்டின எண்ணெய். இந்தக் காசியம்மாளே தீபாவளிக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வருகிறவள். எனக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

"ஏன் சுகன்யா, அது எப்பவும் இப்பிடியே கத்துமா?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"ஆமா அத்தை. வுடுங்க, நல்லா நிக்குதுல்ல?"

பெருந்தன்மையான பெண், தெருவில் நாலு பேர் பேசுவது அவளுக்குத் தெரியவில்லை, பெரியவள் நான்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன். என் புத்தி அப்படி வேலை செய்தது.

விடிந்ததும் எழுந்தேன். தையல் மெஷினுக்கு விடுகிற, மூக்கு நீண்ட எண்ணெய் டப்பா ஒன்று என்னிடம் உண்டு. கொட்டகையில் கிரீஸ் இருந்தது. ஆனால் ரேஸ் ஓட்டுகிற காருக்குப் போய்க் கிரீஸா? டப்பா நிறைய நல்லெண்ணெய் ஊற்றினேன். சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவே அந்த மூக்கு எவ்வளவு அழகாக உள்ளே போனது தெரியுமா, அதற்கென்றே செய்தது போல. பெட்டிக்கும் தட்டுக்கும் நடுவில் விட்டேன். கட்டை குடித்தது. மறுபடி விட்டேன், மறுபடியும் குடித்தது. பாவம், இத்தனை தாகத்தோடா இது ஒரகடத்திலிருந்து ஓடி வந்தது என்று நினைத்து, தட்டின் இரண்டு பக்கமும் படுகிற மாதிரி, குழந்தைக்குத் தலை தேய்க்கிற பதத்தில் விட்டேன். அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் அதே மரியாதை. கீழே சிந்தினதைத் தலைப்பால் துடைத்தேன். இரண்டு சக்கரத்துக்கும் குங்குமம் வைத்துவிட்டு உள்ளே போய், ஒன்றும் தெரியாதவள் போல மோர் கடைந்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ப்ளாட் போட்ட இடம் இருக்கிறது. தார் ரோடெல்லாம் போட்டு, கல் நட்டு, கொடி கட்டி, வாசலுக்கு வளைவும் வைத்தார்கள். வீடுதான் ஒன்றும் வரவில்லை. ஆடு மேய்கிறது. நடுவில் நீளமாக ஒரு ரோடு, ஆள் நடமாட்டம் கிடையாது. சேகர் அங்கேதான் சுண்ணாம்பால் கோடு போட்டான். கோட்டுக்கு அப்புறம் கொஞ்ச தூரத்தில் மதில் சுவர். அதற்குச் சற்றுத் தள்ளி, யாரும் வாங்காத ஒரு ப்ளாட்டில், காசியம்மாளின் வைக்கோல் போர்.

சேகர் முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டு, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான் பின் சீட்டில். மடியில் ஒரு தூக்கு மோர். வெயிலில் வேலை, தாகம் எடுக்குமே என்று கொண்டு போனேன். வீட்டிலிருந்து அந்த ரோடு கூப்பிடு தூரம்தான், வாசல் எப்போதும் திறந்தே கிடக்கும். ஊர்ந்துகொண்டே போய்ச் சேர்ந்தோம். சுகன்யா காரைத் திருப்பிக் கைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, காலால் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள்.

"பெடல் கல்லு மாதிரி கீது" என்றாள் சந்தோஷமாக.

கீச்சென்று ஒரு சத்தம் இல்லை. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டேன்.

கிளம்பினோம். முதுகு சீட்டோடு ஒட்டியது. மைல்கல் எல்லாம் பறந்தன. (மைல்கல் இல்லை, ப்ளாட் கல். அந்த வேகத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.) "இப்ப!" என்று சேகர் கத்தினான். சுகன்யா மிதித்தாள்.

மடியில் இருந்த மோர் ஒரு சொட்டுத் தளும்பவில்லை. ஆகா, என்ன நயமான பிரேக், வலிக்காமல் பிடிக்கிறதே என்று நான் மெச்சிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வெள்ளைக் கோடு எங்களுக்கு அடியில் போயிற்று.

"சுகன்யா! நிறுத்து! நிறுத்துடீ!"

"புடிக்கலங்க!"

அந்தப் பெண்ணின் கையையும் காலையும் அன்று பின்னாலிருந்து பார்த்தவள் நான்தான். காலால் விட்டு விட்டு மிதித்தாள். கியரைத் தட்டித் தட்டிக் குறைத்தாள், கார் உறுமியது. கைப் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். மதில் சுவர் நேரே வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் கல்லுக்கும் கொடிக்கும் நடுவில் ஒரு கார் போகிற இடைவெளி, அதற்கப்பால் வைக்கோல் போர். ஸ்டியரிங்கை ஒரே அளவாகத் திருப்பி, கல்லில் இடிக்காமல், கொடியில் உரசாமல், பூ வைத்த மாதிரி வைக்கோல் போருக்குள் காரைக் கொண்டு போய்ச் சொருகினாள்.

பொத் என்று ஒரு சத்தம். இருட்டு. வைக்கோல் வாசனை. மோர் நாலு சொட்டு என் புடவையில்.

"மா, உயிரோட கீறியா?" என்று சேகரின் குரல் எங்கிருந்தோ கேட்டது.

"மோரு வேணுமாடா?" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கதவை நெம்பித் திறந்து வெளியே வந்தோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. காரின் பின்பாதி மட்டும் வெளியே தெரிந்தது, தொட்டியில் தலை விட்ட எருமை மாதிரி. சுகன்யா கயிறு கட்டிக் காரை வெளியே இழுக்க ஏற்பாடு பண்ணுவதற்குள் காசியம்மாள் ஓடி வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் பாதித் தெரு.

"ஐயோ என் போரு! கட்டி முடிச்சு ஒரு வாரம் ஆவலியே! எக்கா, உன் மருமவளுக்கு நிறுத்த வேற எடமே கெடைக்கலயா?"

டிராக்டரைக் கொண்டு வந்து காரை வெளியே இழுத்தார்கள். முன் சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. காசியம்மாள் திட்டுவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினாள். இன்னொரு தடவை உறிஞ்சினாள்.

"இன்னாக்கா, கார்ல வடை சுடுறீங்களா?"

நல்லெண்ணெய் காய்கிற வாசனை. ஊர் மொத்தமும் உறிஞ்சியது. எங்கள் செக்கு எண்ணெய், அதன் மணத்தைச் சொல்ல வேண்டுமா?

சுகன்யா சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, விரலை உள்ளே விட்டுத் தொட்டு முகர்ந்தாள். குங்குமப் பொட்டைப் பார்த்தாள். அப்புறம் என் புடவைத் தலைப்பைப் பார்த்தாள்.

"அத்தை. எண்ணெய் வுட்டீங்களா?"

"கத்துச்சேம்மா" என்றேன். "கத்தற எடத்துல எண்ணெய் வுடாம எப்பிடி?"

"பேடுக்கு உரசல் இருந்தாத்தான் அத்தை வண்டி நிக்கும். வழுக்கினா எப்பிடி நிக்கும்?"

அவள் சொன்னதும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. முதல் நாளே புரிந்திருக்க வேண்டிய விஷயம். ராட்டினம் சுற்றுவதற்காக இருக்கிறது. பிரேக் சுற்றாமல் இருப்பதற்காக இருக்கிறது. ஊரில் எல்லா இரும்பும் ஓட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து, நிற்பதற்கென்று ஒரு இரும்பு இருக்கும் என்பதே என் மண்டையில் ஏறவில்லை. இந்த மண்டையை வைத்துக்கொண்டு சிவப்புத்தான் வேண்டும் என்று கடையில் அதிகாரம் வேறு.

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். சுகன்யா என்னைப் பார்த்தாள், போரைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். அப்படியே வைக்கோலில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். காசியம்மாளும் சிரித்தாள். ஊரே சிரித்தது. சிரிக்காதவன் சேகர் ஒருத்தன்தான்.

"சிரிச்சது போதும். நிக்கல. பேச்சுன்னா பேச்சு. காரை வித்துடலாம்."

சிரிப்பு நின்றது. சுகன்யா எழுந்து வைக்கோலைத் தட்டிவிட்டாள். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். அத்தை பண்ணினது என்று ஊர் முன்னால் வாதாட அவளுக்கு மனசில்லை. நான் அந்தக் கையைப் பார்த்தேன். அட்டை வெட்டின கை அது.

"டேய், இருடா" என்றேன். "நாளைக்கு ஒருத்தன் உன் கடைல வந்து வெண்டை வெதை வாங்கினு போறான். நான் போயி அதுல கொதிக்கக் கொதிக்க வெந்நீர ஊத்திடறேன். மொளைக்கல. உன் கடை வெதை சொத்தைன்னு அவன் சொன்னா ஒத்துக்குவியா?"

"அது எப்பிடிமா?"

"அதேதான்டா இது! அந்தப் பொண்ணு வெதைச்ச வெதை நல்ல வெதை. வெந்நி ஊத்துனவ நானு. நீ இன்னும் அந்தப் பிரேக்கப் பார்க்கவே இல்ல. நீ பார்த்தது என் எண்ணெய!"

ஊர் முன்னால், காசியம்மாள் முன்னால், அவ்வளவு சத்தமாக என் முட்டாள்தனத்தை நானே பறை அடித்தது அதுதான் முதல் தடவை. காசியம்மாளே என் பக்கம் சேர்ந்துகொண்டாள். "ஆமா சேகரு, உங்கம்மா பண்ண கூத்துக்கு அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? ஆனா என் போர யாரு கட்டுவா?" என்றாள். சேகர் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். அன்று பகல் முழுக்க எங்கள் வீட்டு மூன்று பேரும் காசியம்மாளின் போரைக் கட்டினோம். அவள் நிழலில் உட்கார்ந்து, "அந்தப் பக்கம் சரியுது பாரு" என்று வேலை வாங்கினாள். என் மோரையும் அவள்தான் குடித்தாள்.

எண்ணெய் குடித்த பேட் கழுவினாலும் தேறாதாம். தட்டைத் துடைத்துக்கொள்ளலாம், பேட் புதுசுதான் போட வேண்டுமாம். மறுபடி அதே கடைக்குப் போனோம். கடைக்காரர் பழைய பேடை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன மேடம் ஆச்சு?" என்றார்.

"சமையல்ல வுழுந்துடுச்சு சார்" என்றாள் சுகன்யா, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். நான் சிவப்புப் பெட்டியைப் பார்க்கவே இல்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கடுத்த ஞாயிறு மறுபடி அதே ரோடு, புதுச் சுண்ணாம்புக் கோடு. காசியம்மாள் முன்னெச்சரிக்கையாக, போருக்குப் பக்கத்தில் கட்டியிருந்த தன் கன்றுக்குட்டியை அவிழ்த்துக் கொண்டு போய் வேறிடத்தில் கட்டினாள். சேகர், "நீ வராதம்மா" என்றான். நான் அதே புடவையைக் கட்டிக்கொண்டு, அதே தூக்கில் மோரை ஊற்றிக்கொண்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். மருமகள் மேல் நம்பிக்கை இல்லாமல் நான் இறங்கி நின்றேன் என்று ஊர் பேசக் கூடாது. வாசலிலிருந்து கிளம்பும்போதே கீச்சென்று கத்தியது. கத்து தாயே, கத்து என்று மனசார வாழ்த்தினேன்.

முதுகு ஒட்டியது. ப்ளாட் கல் பறந்தது. "இப்ப!"

மிதித்தாள்.

யாரோ பின்னாலிருந்து காரைக் கயிறு போட்டு இழுத்த மாதிரி இருந்தது. பெல்ட் என்னைப் பிடித்துக்கொண்டது. மோரை யார் பிடிப்பது? மூடி ஒரு பக்கம் பறந்தது. தூக்கு மோர் மொத்தமும் முன்னால் எழும்பி, சேகரின் தலை, கழுத்து, சட்டை, அதற்கப்பால் கண்ணாடி முழுக்க, கறிவேப்பிலையோடு போய் அடித்தது. கார் நின்றிருந்தது. கோடு எங்களுக்கு முன்னால், இன்னும் ஒரு கார் நிற்கிற அளவு தள்ளி, வெள்ளையாக, தொடாமல் கிடந்தது.

கண்ணாடியிலிருந்து மோர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, நிக்குதா?" என்றாள் சுகன்யா.

சேகர் கண்ணைத் துடைத்தான். காதிலிருந்து ஒரு கறிவேப்பிலையை எடுத்தான். "நிக்குது" என்றான்.

அந்தக் காரை அப்புறம் யாரும் விற்கச் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் அவள் ஓட்டினதை நானும் போய்ப் பார்த்தேன். வந்திருந்தவர்கள் எல்லாம் நேர் ரோட்டில் யார் பறக்கிறார்கள் என்று பார்த்துக் கை தட்டினார்கள். நான் அந்த வளைவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன், முன்பு அவள் மண்ணில் சொருகின வளைவு. ஒவ்வொரு சுற்றும் அவள் பறந்து வந்து, அதே இடத்தில், அளந்து வைத்தது போல வேகத்தை மடக்கி, வாலை ஆட்டாமல் திரும்பிப் போனாள். கடைசிச் சுற்றிலும் அப்படியே. எத்தனையாவது வந்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள், நேரக் கணக்கை எழுதிப் போடுகிற பலகையை நான் பார்க்கவில்லை. ஓடுவதற்குக் கை தட்ட அங்கே அவ்வளவு பேர் இருந்தார்கள். நிற்பதற்குக் கை தட்டினவள் நான் ஒருத்திதான். பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

எங்கள் சமையலறையில் நல்லெண்ணெய்ப் புட்டிமேல் சுகன்யா ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள். "காருக்கு அல்ல" என்று கொட்டை எழுத்தில், நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி. தோசைக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் சேகர் தட்டோடு வந்து நின்று, "மா, பார்த்து வுடு, தோசை நிக்காமப் போயிடப் போவுது" என்பான். மோர் கேட்டால் மட்டும் மூடியை இறுக்கிப் போட்ட தூக்கில்தான் வாங்கிக்கொள்வான்.

சாயங்காலம் ரேஷன் கடை முனையில் அந்தக் கார் இன்றைக்கும் அதே மாதிரித்தான் கத்துகிறது. தெருவே திரும்பிப் பார்க்கும். எதிர் வாசலிலிருந்து காசியம்மாள் குரல் கொடுப்பாள்: "எக்கா, மருமவ வந்துட்டா. எண்ணெய்ப் புட்டியை ஒளிச்சு வையி!"

நான் ஒளித்து வைப்பதில்லை. அந்தக் கீச்சுச் சத்தம் காதில் விழுந்ததும் எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, தோசைக்கல்லைப் போடுகிறேன். அவள் காரை நிறுத்தி, கை கால் கழுவிக்கொண்டு வருவதற்குள் முதல் தோசை தட்டில் இருக்கும்.